வலிக்குதுன்னு சொன்னா தோத்தவங்களா?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. கிளையில் ஆடிட், வீட்டில் ஆஸ்பத்திரி அலைச்சல் என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. இன்றைக்கு என்னை எழுத வைத்தது கோபம். அதனால் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு முன்கதைச் சுருக்கம். நாங்கள் இருப்பது சாகண். புனேயிலிருந்து நாசிக் போகிற ரோட்டில், ஒரு காலத்தில் வெங்காய மண்டிக்கு மட்டுமே பேர்போன ஊர், இப்போது கார் கம்பெனி ஊர். ஓரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்த நம் ஆட்கள் நிறைய. நான் மட்டும் கார் பக்கம் இல்லை. பி.காம். முடித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, நாற்பத்தைந்து வயதில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மூத்தவள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளி வாலிபால் அணியில் ஆடுகிறாள். போன மாதம் பள்ளிகளுக்கு இடையே ஆட்டம். அதற்கு முந்தின நாள் பயிற்சியில் கணுக்கால் பிசகியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. என் பழைய கிரேப் பாண்டேஜை எடுத்துச் சுற்றி, மேலே சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, தங்கமணியின் மாத்திரை டப்பாவில் இருந்து வலி மாத்திரை இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடப் போய்விட்டாள். இரண்டாவது செட்டில் வலைக்கு மேலே எழும்பிவிட்டுத் தரையில் இறங்கியபோது கால் மடங்கி விழுந்தாள். தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. டாக்டர் சொன்னது: "முதல் நாளே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா பத்து நாள்ல நடந்திருப்பா."

ஏன்டா சொல்லலை என்று கேட்டேன். அவள் சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"சகுராகி முதுகு போயும் ஆடினான்லப்பா. நீங்கதானே அந்தப் புக்கைக் குடுத்தீங்க."

ஆமாம். நான்தான் கொடுத்தேன். இந்தப் பதிவின் முதல் குற்றவாளி நான்தான், அதை ஆரம்பத்திலேயே ஒத்துக்கொள்கிறேன்.

அவளாகப் படித்துக்கொண்டிருந்தது ஹைக்யூ. ஹருயிச்சி ஃபுருடாட்டே என்பவர் எழுதி வரைந்த ஜப்பானிய வாலிபால் சித்திரக்கதை. 2012-இல் தொடங்கி 2020-இல் முடிந்தது, மொத்தம் 45 தொகுதி. பிள்ளை என்னதான் படிக்கிறது என்று பார்க்கலாமே என ராத்திரி உட்கார்ந்து நானும் படித்தேன். அந்த ருசியில் அடுத்ததாக ஸ்லாம் டங்க் பக்கம் போனேன். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்துக் கதை, 31 தொகுதி. படித்து முடித்ததும் தலைகால் புரியவில்லை. மகளிடம், "உன்னோடது பால்வாடி கதைடா. கதைன்னா இது" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

இது முதல் கோபம், என்மேல். இரண்டாவது கோபம் ஊர்மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். வழக்கம்போல் பிரியாணி, பழைய பாட்டு, பிள்ளைகளின் மார்க் விவாதம். கட்டுப் போட்ட காலோடு இவள் உட்கார்ந்திருந்ததால் கதை கேட்டார்கள், சொன்னேன். ஒரு நண்பர் எழுந்து வந்து அவள் முதுகில் தட்டி, "சார், என்ன வைராக்கியம் பாருங்க! இதுதான் ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிட். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இது எங்க இருக்கு?" என்றார். சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். மகள் முகத்தைப் பார்த்தேன். பூரிப்பு! அடுத்த முறையும் மறைப்பாள் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் ஸ்லாம் டங்க்

சகுராகி ஹனமிச்சி, சிவப்பு முடி ரவுடிப் பையன். ஐம்பது பெண்களிடம் காதலைச் சொல்லி ஐம்பது பேரும் மறுத்தவன். ஐம்பத்தொன்றாவதாகப் பார்த்த பெண்ணுக்குக் கூடைப்பந்து பிடிக்கும் என்பதற்காகப் பந்தைத் தொடுகிறவன். கதையின் மொத்தக் காலமே நான்கு மாதம்தான். கடைசி ஆறு தொகுதி கிட்டத்தட்ட ஒரே ஆட்டம், நாட்டின் முதல் அணியான சன்னோவுக்கு எதிராக. அதில் வெளியே போகிற பந்தைப் பிடிக்கப் பாய்ந்து, மேஜைமேல் விழுந்து, முதுகில் அடிபடுகிறது. அடிபட்டும் திரும்பக் களத்தில் இறங்குகிறான். 79-78 என்று ஜெயிக்கிறார்கள். கடைசி விநாடிகளில் வசனம் கிடையாது. பேசாத படங்களாகவே நகர்த்தி, படிக்கிறவன் மூச்சைப் பிடித்துவைத்திருக்கிறார் மனுஷன். வரைகலையில் இதற்கு ஈடு நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

நண்பர்கள் கைதட்டுகிற இடம் அதுதான். ஆனால் அதே புத்தகத்தில் இருக்கிற மூன்று விஷயத்தை யாரும் படிப்பதே இல்லை.

ஒன்று, மிட்சுய். நடுநிலைப் பள்ளியில் சிறந்த ஆட்டக்காரன் விருது வாங்கியவன். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்ததும் முழங்காலில் அடி. பொறுக்கமாட்டாமல் குணமாகும் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பி ஆட வருகிறான். திரும்ப அடி. அப்புறம் இரண்டு வருடம் ரவுடிக் கும்பலோடு வீணாய்ப் போகிறான். திரும்பி வந்தபிறகும் உடம்பில் பழைய தெம்பு இல்லை. ஆட்டம் முழுக்க மூச்சுத் திணறுகிறான். அவசரப்பட்டு ஆட வந்ததன் வட்டி அது.

இரண்டு, பயிற்சியாளர் அன்சாய். சகுராகியின் முதுகில் ஏதோ கோளாறு என்று கவனித்தும் அவர் உடனே அவனை வெளியே எடுக்கவில்லை. அவன் கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கும் ஆசையில் தாமதித்துவிட்டேன், நான் பயிற்சியாளனாக இருக்கவே லாயக்கில்லை என்று அவரே அவனிடம் ஒத்துக்கொள்கிறார். கதாசிரியரே இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். நாமோ கைதட்டுகிறோம்.

மூன்று, முடிவு. சன்னோவை ஜெயித்த அணி அடுத்த ஆட்டத்திலேயே படுதோல்வி. சகுராகி மறுவாழ்வு மையத்தில். கடற்கரையில் உட்கார்ந்து கடிதம் படிக்கிறான். திரும்ப ஆடினானா, எவ்வளவு காலத்தில் என்பதெல்லாம் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

"அப்படின்னா ஸ்லாம் டங்க் சரியாத்தானே சொல்லியிருக்கு? உன் மகள் தப்பாப் படிச்சா, கதை என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: கதை எதைச் சொல்கிறது என்பது ஒன்று, எதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறது என்பது இன்னொன்று. அடிபட்டவன் எழுந்து ஆடும் ஆனந்தத்துக்கு அத்தனை பக்கம். அதற்குப் பிறகு அவன் கட்டும் வட்டிக்குச் சில பக்கம். பதினாலு வயசுப் பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? பேலன்ஸ் ஷீட்டில் லாபத்தைப் பெரிய எழுத்திலும், கட்டவேண்டிய பொறுப்பை அடிக்குறிப்பில் பொடி எழுத்திலும் போட்டால் எந்த ஆடிட்டரும் விடமாட்டார். எண் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனாலும் படிக்கிறவன் ஏமாறுவான்.

இப்போது ஹைக்யூ

ஹினாட்டா ஷோயோ. உயரம் 163 செ.மீ. கூட இல்லை. உயரமே மூலதனமான ஆட்டத்தில் இறங்குகிறவன். இவனும் விட்டுக்கொடுக்காத ஜாதிதான். கராசுனோ பள்ளி அணி தேசியப் போட்டி வரை வருகிறது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டாவது, கமோமேடாய் பள்ளியோடு, உச்சத்தில் இருக்கும்போது ஹினாட்டா களத்தில் விழுகிறான். காய்ச்சல்.

இந்த இடத்தில் ஸ்லாம் டங்க் படித்த எவனும் என்ன எதிர்பார்ப்பான்? எழுவான், நெருப்பாய் ஆடுவான், கடைசிப் புள்ளியை அவன்தான் எடுப்பான். ஃபுருடாட்டே அதைச் செய்யவில்லை. பெரியவர்கள் அவனை வெளியே எடுக்கிறார்கள். அவன் கெஞ்சுகிறான். ஆசிரியர் டகேடா அடிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. உட்கார்ந்து பேசிப் புரியவைக்கிறார்: ஓய்வெடுப்பதும் இந்த ஆட்டத்தின் பகுதிதான், உனக்கு இன்னும் எத்தனையோ ஆட்டம் பாக்கியிருக்கிறது என்கிற பொருளில். அந்தப் பையன் முகமூடி போட்டுக்கொண்டு, டேப்லட்டில், தன் அணி ஆடுவதைப் பார்க்கிறான். அணி தோற்கிறது. கதாநாயகன் இல்லாமல் கதாநாயகன் அணி தோற்கிறது, அதோடு பள்ளிப் போட்டிகளின் கதை முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்கு "என்னய்யா இது, சப்பென்று முடித்துவிட்டான்" என்றிருந்தது. அதனால்தான் பால்வாடி என்றேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தபோது புரிந்தது, எவ்வளவு தைரியம் வேண்டும் இப்படி எழுத! எட்டு வருடம் வாரா வாரம் கூடவே வந்த வாசகனின் ஆசையை, கதையின் உச்சத்தில், ஒரு பையனின் உடம்புக்காக மறுப்பது சாதாரண விஷயமா?

அதோடு விடவில்லை. அந்தக் காய்ச்சலின் பாடம் கதையில் வளர்கிறது. ஹினாட்டா பிரேசிலுக்குப் போய் இரண்டு வருடம் கடற்கரை வாலிபால் ஆடிக் கற்கிறான். சாப்பாடு, தூக்கம், மனசு எல்லாவற்றையும் கணக்காகப் பார்த்துக்கொள்கிறவனாகத் திரும்பி வருகிறான். அந்த ஒரு நாள் வெளியே உட்கார்ந்ததுதான் அடுத்த பத்து வருடத்தின் முதலீடு.

இன்னொரு காட்சி. அணித் தலைவன் சவாமுரா மோதி விழுந்து பல் உடைகிறது. அவனையும் வெளியே அனுப்புகிறார்கள். பதிலுக்கு இறங்குவது என்னோஷிடா, ஒரு காலத்தில் பயிற்சி கடினம் என்று அணியை விட்டே ஓடிப்போய்த் திரும்பி வந்தவன். அவனை வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்தை ஜெயிக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களை எதற்கு வைத்திருக்கிறோம்? இதற்குத்தானே!

எதிரணி விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது. ஹைக்யூவில் முதல் சுற்றில் தோற்றுப்போகிற, நாம் பேர்கூட மறந்துவிடுகிற அணிகளுக்கும் பக்கம் ஒதுக்குகிறார்கள். கடைசித் தொகுதிகளில் எல்லோரும் என்ன ஆனார்கள் என்று காட்டுகிறார்கள். ஒருவன் போலீஸ், ஒருவன் பள்ளி ஆசிரியர், ஒருவன் துணி வடிவமைப்பாளர், ஒருவன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டாம் நிலை அணியில் ஆடுகிறான். அந்த என்னோஷிடா பிசியோதெரபிஸ்ட் ஆகிறான். "விளையாடி என்ன ஆகப் போற?" என்று பத்தாம் வகுப்பு வாசலில் நின்று கேட்கிற நம் எல்லோருக்கும் இதைவிட நல்ல பதில் யார் சொல்லியிருக்கிறார்கள்? ஸ்லாம் டங்க் "இப்போது" என்ற ஒரு சொல்லில் வாழ்கிற கதை. ஹைக்யூ "அப்புறம்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்ட கதை. வெளியூரில் பிள்ளை வளர்க்கிற நமக்கு இரண்டாவது சொல்தான் அதிகம் தேவை.

நமக்கு வந்து சேர்ந்தது எது?

இன்னொரு வயிற்றெரிச்சல். ஜப்பானில் இந்தப் பேச்சுக்கெல்லாம் தாத்தா, கியோஜின் நோ ஹோஷி. இக்கி கஜிவாரா எழுத, நொபோரு கவாசாகி வரைந்து 1966-இல் தொடங்கிய பேஸ்பால் கதை. அப்பன் இட்டேட்சு, பெற்ற பிள்ளையின் உடம்பில் ஸ்பிரிங் கட்டிவிட்டுப் பயிற்சி கொடுக்கிறான். பிள்ளை ஹ்யூமா பெரிய பந்துவீச்சாளன் ஆகிறான், கடைசியில் இடது கையே போய்விடுகிறது. அதைத்தான் கிரிக்கெட்டாக மாற்றி, மும்பையைக் களமாக வைத்து, "சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்" என்று 2012 டிசம்பரில் இந்தியில் ஒளிபரப்பினார்கள். அதே 2012-இல்தான் ஜப்பானில் ஹைக்யூ தொடங்கியது. அவர்கள் புதுக் கதைக்குப் போன வருடத்தில், நாம் அவர்களுடைய ஐம்பது வருடப் பழைய கதையை இறக்குமதி செய்தோம். நமக்கு அது பொருந்தும் என்று நினைத்திருக்கிறார்கள். யோசித்தால் வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் தப்பாக நினைக்கவில்லை.

"வீரம்னா கடைசி வரை நிற்கிறதுதான் சார்" என்கிறவர்களுக்கு, வெளியே போய் நம் ஊர்க் கோட்டையைப் பாருங்கள் என்பேன். சாகண் சங்ராம்துர்க். 1660-இல் சாயிஸ்தா கான் பெரும் படையோடு வந்தபோது ஃபிரங்கோஜி நர்சாலா சின்னப் படையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். சுரங்கம் வைத்து மதிலை உடைத்த பிறகு, மிச்சமிருந்த ஆட்களோடு கோட்டையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார். மொகலாயர் கொடுக்க வந்த பதவியை மறுத்துவிட்டுச் சிவாஜியிடம் திரும்பினார். சிவாஜி அவரைக் கோழை என்று விரட்டவில்லை, பூபால்கட் கோட்டையைப் பொறுப்பாகக் கொடுத்தார். ஆளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவனுக்குத்தான் அடுத்த கோட்டை. மராட்டியப் பிள்ளைகள் படிக்கிற இந்தச் சரித்திரம், இந்த ஊரிலேயே குடியிருக்கும் நமக்கு ஏன் உறைக்கவில்லை?

உண்மையான அன்சாய் யார்?

எல்லாப் பழியையும் ஒரு புத்தகத்தின்மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை.

அன்றைக்கு ராத்திரி தங்கமணி ஒரே கேள்வி கேட்டாள். "மூணு வருஷம் முன்னாடி மார்ச் 31 அன்னைக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சலோட பிராஞ்சுக்குப் போனது யாரு? திரும்பி வந்து அதைப் பெருமையாச் சொல்லிட்டு இருந்தது யாரு? அவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா."

பதில் இல்லை என்னிடம். நம் வீடுகளில் இதுதானே தினப் பேச்சு? தலைவலியோடு பரீட்சை எழுதி முதல் மதிப்பெண் வாங்கிய கதை. இடுப்பு வலியோடு ராத்திரி ஷிஃப்ட் போன கதை. வெளியூரில் லீவு போட்டால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் ஆரம்பித்த பழக்கத்துக்கு வைராக்கியம் என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். சகுராகியை அவள் புத்தகத்தில் சந்திப்பதற்கு முன்பே வீட்டில் சந்தித்துவிட்டாள்.

என் தொழிலில் இதற்கு ஓர் உவமை இருக்கிறது. தவணை கட்ட முடியாத கடன்காரருக்கு, அந்தக் கடன் கெட்டுப்போனது வெளியே தெரியாமல் இருக்கப் புதுக் கடன் கொடுத்துப் பழைய தவணையைக் கட்டவைப்பது. கணக்கு மூன்று மாதம், ஆறு மாதம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் மொத்தமாக விழும். அதனால்தான் 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று ஒத்துக்கொள் என விதி வைத்திருக்கிறார்கள். ஒத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல்தான், ஆனால் அங்கேதான் வைத்தியம் ஆரம்பிக்கிறது. வலி மாத்திரையும் கிரேப் பாண்டேஜும் என் மகள் எடுத்த புதுக் கடன். வட்டி ஆறு வாரம்.

அதனால் நண்பர்களே, என் கட்சியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாம் டங்க் பெரிய கலை. வளர்ந்தவர்கள் அவசியம் படியுங்கள், அன்சாய் வெட்கப்படும் பக்கத்தில் நின்று படியுங்கள். பிள்ளைகள் கையில் முதலில் ஹைக்யூவைக் கொடுங்கள். இரண்டையும் கொடுத்தால் கூட உட்கார்ந்து பேசுங்கள். "பொம்மைப் புஸ்தகம்தானே" என்று தூக்கிக் கொடுத்துவிட்டு நகராதீர்கள், நான் செய்ததுபோல. அதைவிட முக்கியம், அடிபட்ட பிள்ளையின் முதுகில் தட்டி வைராக்கியம் என்று சொல்லாதீர்கள். அது உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை என்பதால் உங்களுக்குச் சுலபமாக வருகிறது.

அந்த நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபம் வந்தால் வீட்டுக்கு வாங்க சார், ஃபில்டர் காபி உண்டு, சண்டை போடலாம். :-)

மகளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். அவள் வலித்தால் சொல்லவேண்டும், நான் காய்ச்சல் வந்தால் லீவு போடவேண்டும். "மார்ச்லயுமாப்பா?" என்றாள். மார்ச்சிலும்தான் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு அவள் மைதானத்துக்குப் போய் ஸ்கோர் எழுதுகிறாள். அவள் இடத்தில் ஆடுகிற பெண்ணுக்கு சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

பி.கு.: பதிவைப் படித்துவிட்டுத் தங்கமணியின் ஒரே கருத்து: "ஜப்பான்காரனை எல்லாம் திருத்தினது போதும். முதல்ல அந்த மாத்திரை டப்பாவை மேல் ஷெல்ஃபில் வைங்க." வைத்தாகிவிட்டது.